கிளிவெட்டி வயலும் ஒற்றைக்குழல் துவக்கும்

திருக்கோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை அடுத்த வயல்நாட்டில் உள்ள ஊர் கிளிவெட்டி. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் மூதூருக்குத் தரைவழிப் பயணம் எளிதாயிற்று. அங்கிருந்து தெற்கே செல்வோமாயின், இருமருங்கும் மகாவலி நீரால் வளம்பெற்ற வெள்ளாண்மையைக் காண்போம். கதிர் முற்றும் காலத்தில், அரிவாள் வருமுன்னே காட்டுப்பன்றி வயலுக்கு வந்துவிடும். அதனாலேயே இத்தகைய ஊர்களில் பரண்காவலுக்கு ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்குத் துணையாயிற்று.

எனினும், துவக்கு என்னும் சொல் இம்மண்ணில் துயரமும் சுமந்தது. 1996 இல் அயலூராகிய குமாரபுரத்தில் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2006 இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்தோரிற் பலர் பின்னர்க் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். ஆதலின் உழவனின் காவற்கருவியைப் பற்றிப் பேசும்போதும் நாம் நிதானத்துடனேயே பேசுதல் வேண்டும்.

இத்துவக்குகளிற் பெருவழக்கானது பன்னிரண்டாம் இலக்கக் குழல். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே அக்குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். ஒரு முறைக்கு ஒரு தோட்டா. வெடித்தபின் திறந்து மறு தோட்டா இடவேண்டும்.

கைமாறி வந்த பழந்துவக்கின் நலத்தை அறிவது எங்ஙனம்? முதற்கண் அதைத் திறந்து, தோட்டா இல்லையென உறுதி செய்தல் வேண்டும். பின்னர்க் குழலை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து உள்ளே நோக்குக. வளையம்போல நிழல் விழுந்தால் குழல் நெளிந்தோ வீங்கியோ இருக்கலாம். துருவரித்த குழிகள் தோட்டா இருக்குமிடத்தை அடுத்து ஆழமாயின் ஆபத்து மிகும். மூலையிற் சாத்திய குழலினுள் குளவி மண்கூடு கட்டுவதுண்டு. அவ்வடைப்போடு சுட்டால் குழலே வெடித்துச் சுடுபவரைக் காயப்படுத்தும்.

மூடியபின் குழல் ஆடினால் பூட்டுத் தேய்ந்தது எனக் கொள்க. மரக்கட்டை இரும்போடு சேரும் கழுத்தில் வெடிப்புளதா எனவும் பார்க்கவேண்டும்.

பளபளப்பில் மயங்கலாகாது. இங்கிலாந்தின் பேர்மிங்காம் சோதனைச்சாலை 1813 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அங்கு சோதிக்கப்பட்ட குழல்களில் முத்திரை காணப்படும். கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இக்காலத்துப் புகையற்ற மருந்துத் தோட்டாவை இடுதல் தகாது. மேலும், பழைய துவக்குகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலமே. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவும் அதனுள் நுழையும். ஏனெனில் அதன் மடிந்த வாய் சுட்டபின்னரே முழு நீளத்திற்கு விரியும். விரிய இடமின்றி அழுத்தம் உயரும். நுழைந்தது என்பதனாற் பொருந்தியது என எண்ணலாகாது.

1916 ஆம் ஆண்டின் சுடுகலக் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்க உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பாட்டனார் வைத்திருந்தது என்பது உரிமமாகாது, நலத்திற்குச் சான்றுமாகாது. ஐயமுள்ள துவக்கைத் தேர்ந்த கம்மியர் பார்த்துத் தகுதியெனக் கூறும்வரை அதில் தோட்டா இடாதிருப்பதே அறிவுடைமை. பன்றி தின்ற கதிர் மறுபோகத்தில் விளையும். போன கையும் கண்ணும் மீளா.