முனியாண்டிக்கு உயிர் பன்னிரண்டு!

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14-ம் தேதி. அதே மாதம்தான், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்கிற சின்ன ஊரில், ஒரு பெட்டிக்குள் மூன்று குட்டிப் புத்தகங்களைப் போட்டு ஒரு விளையாட்டை விற்க ஆரம்பித்தார்கள். பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஐம்பது வருஷமாக ஒரு சம்பந்தமும் இல்லை. போன மாதம்தான் ஏற்பட்டது, கீழ ராஜ வீதிக்குப் பின்னால், என் அக்கா வீட்டு மாடியில்.

அக்கா போன் பண்ணினாள். "டேய், மாடியில நாலு பசங்க உக்காந்து பகடை உருட்டுறானுங்கடா. காசு வெச்சு ஆடுறானுங்களோன்னு பயமா இருக்கு. நீதானே தாய்மாமன்? வந்து என்னன்னு கேளு."

தாய்மாமன் உத்தியோகம் காதுகுத்தோடு முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்! ஆபீஸ் முடிந்து டிபன் பாக்ஸோடு நேராக மாடி ஏறினேன்.

காசு எதுவும் இல்லை. வறுத்த கடலை, பேப்பர், பென்சில், அப்புறம் விதவிதமாகப் பகடை. நாம் தாயக்கட்டை பார்த்தவர்கள். நாலு பக்கத்துக்கு மேல் அதில் கிடையாது. இங்கே நாலு பக்கம், எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், இருபது பக்கம் என்று கலர் கலராக, ஆரஞ்சு மிட்டாய் கொட்டின மாதிரி கிடந்தது.

நடுவில் அக்கா மகன். பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருந்தவன். ஒருநாள் கம்பெனி ஒரு ஈமெயில் அனுப்பி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டது. ஊருக்கு வந்து ஆறு மாதமாக அம்மாவிடம் அவன் பேசுவது மொத்தம் மூன்றே வார்த்தை: "ம்", "சரி", "அப்புறம்". அப்படிப்பட்டவன் இங்கே கையை ஆட்டி ஆட்டி, குடுமியான்மலைக் குகைக்குள் என்ன உறுமுகிறது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாமா, உக்காருங்க. ஒரு ஆள் குறையுது."

விசாரிக்கப் போனவனை விளையாட்டில் சேர்த்துவிட்டான்.

விஷயம் இதுதான். போர்டு கிடையாது, காய் கிடையாது. ஒருத்தன் கதை சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "கதவு பூட்டியிருக்கு, என்ன பண்றீங்க?" என்று அவன் கேட்டால், உடைக்கிறேன், தட்டுகிறேன், சாவித் துவாரத்தில் பார்க்கிறேன் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். முடியுமா முடியாதா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். அவ்வளவுதான்.

"இதுக்கு எதுக்குடா அமெரிக்கா?" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள் சார், புதுக்கோட்டைக்காரனுக்கு இதில் என்ன அதிசயம்? நம்ம பக்கம் 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் என்ன? திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் வந்து ராஜபார்ட்டை ஓர் ஊரில், ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரில், பபூனை வேறோர் ஊரில் பேசி முடிப்பார்கள். ஒத்திகை கிடையாது. பல பேர் மேடைக்கு வந்துதான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு வள்ளி திருமணம் தொடங்கினால் விடிய விடிய ஓடும். கதையும் பாட்டும் 1922-ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதை. ஆனால், வள்ளியும் நாரதரும் செய்கிற தர்க்கம் இருக்கிறதே, அது அன்றன்றைக்கு அவரவர் வாய்ச் சாமர்த்தியம். எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாது. கேட்டால் வேஷம் கலையாமல் பதில் சொல்ல வேண்டும். பவுடர் பூசாமல், ஆர்மோனியம் இல்லாமல், பகடையோடு செய்தால் அதுதான் இது.

இதைச் சொன்னதும் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அந்தச் சூட்டோடு ஒரு படிவத்தை நீட்டினான் மருமகன்.

"இதுல உங்க ஆளை உருவாக்குங்க மாமா. பென்சில்லதான் எழுதணும். பேனா கூடாது."

இருபது வருஷமாக ஆபீஸில் படிவம் பார்க்கிறவன் நான். தகப்பனார் பெயரும் சாதிச் சான்றிதழும் கேட்காத ஒரு படிவத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்! பெயர், இனம், தொழில். இனம் என்றால் வேறு ஒன்றுமில்லை, மனுஷனா, குள்ளனா, நீளக்காது வன தேவதையா என்று கேட்கிறார்கள். "மனுஷனாவே இருந்துக்கறேன்ப்பா, அதுவே இன்னும் சரியா வரலை" என்றேன்.

பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு குணம். ஒவ்வொன்றுக்கும் நாலு ஆறுபக்கப் பகடையை உருட்டி, அதில் குறைந்ததைத் தள்ளி, மிச்சம் மூன்றைக் கூட்ட வேண்டும். பத்து, பதினொன்று வந்தால் சாதாரண மனுஷன். எனக்கு வந்தது 14, 13, 12, 11, 9, அப்புறம் ஒரு 6. எந்த எண்ணை எங்கே வைப்பது என்பது நம் இஷ்டம். யோசித்துப் பாருங்கள், ஆறில் எதில் நாம் மட்டமாக இருக்கச் சம்மதிப்போம்? புத்தியில் வைக்க மனசு வரவில்லை. வசீகரத்தில் வைத்தேன். பையன்கள் யாரும் ஆட்சேபிக்காததுதான் கொஞ்சம் வருத்தம்.

குரூப்-4 பரீட்சைக்குப் படிக்கிற பையன் மந்திரவாதி. மந்திரவாதி தினமும் காலையில் புத்தகத்தைத் திறந்து, அன்றைய மந்திரங்களைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டுமாம். "இங்கேயுமாடா?" என்று மற்றவன் கேட்டதற்கு, "இதுல கட்-ஆஃப் கிடையாதுடா" என்றான். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவன் திருடன். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் காவல்காரன். ஊர் திருமயம் கோட்டை. 1687-ல் சேதுபதி மன்னர் கட்டியது. ஒரு காலத்தில் ஏழு சுற்று மதில் இருந்ததாம், இப்போது மிச்சம் நாலு. நம் கதையில் ஏழும் அப்படியே நிற்கின்றன. அதில் வாசல் காவல் முனியாண்டி. உடல் உறுதிக்கு 14 வைத்ததால் உயிர் பன்னிரண்டு புள்ளி. பன்னிரண்டும் போனால் ஆள் சாய்ந்துவிடுவான்.

கடைசியில் ஒரு கட்டம்: 'குறை'. உங்கள் ஆளிடம் என்ன குறை என்று ஒரு வரி எழுத வேண்டும். கோபக்காரன், கஞ்சன், இருட்டுக்குப் பயம்... எதையோ எழுதிவிட்டு அழிக்கப் போனேன். ரப்பர் தேடி அவன் புத்தகத்தைத் தூக்கினால், அடியில் ஒரு பழைய படிவம். பெங்களூரில் ஆடியபோது அவன் உருவாக்கிய ஆள். போன வருஷத்துத் தேதி போட்டிருந்தது. குறை என்ற கட்டத்தில், குண்டு குண்டு எழுத்தில்: 'நல்ல சேதி இல்லாமல் வீட்டுக்குப் போக மாட்டான்.'

தேதியை மறுபடி பார்த்தேன். வேலை போய், நாலு மாதம் வீட்டுக்குச் சொல்லாமல் அங்கேயே இருந்தானே, அந்தச் சமயம். தினம் ராத்திரி அம்மாவிடம் போனில், "ஆபீஸ்ல இருந்து இப்பத்தாம்மா வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம்.

படிவத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவன் பார்த்தானா என்று தெரியாது. கொஞ்ச நேரம் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு அவனாகவே, "இந்த விளையாட்டைக் கண்டுபிடிச்சது ரெண்டு பேர் மாமா. டேவ் ஆர்னெசன்னு ஒருத்தர், கேரி கைகாக்ஸ்னு ஒருத்தர். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில இருந்தாரு. 1970-ல வேலை போயிடுச்சு. வீட்டுல செருப்பு ரிப்பேர் பண்ணிக் குடும்பத்தை ஓட்டினாரு" என்றான்.

"அப்புறம்?"

"விளையாட்டைப் போட யாரும் முன்வரல. இவங்களே ஆயிரம் பெட்டி அடிச்சு, கையால ஒட்டி வித்தாங்க. ஒரு வருஷத்துக்குள்ள தீந்துடுச்சு."

"செருப்புத் தைக்கறப்ப அவர் யார்கிட்டயும் மறைக்கலை இல்ல?"

பதில் இல்லை. எனக்கும் மேலே எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அறிவுரை சொல்ல வசீகரம் வேண்டும். என்னுடையது வெறும் ஆறு. என் படிவத்தை எடுத்து எழுதி அவனிடம் நீட்டினேன்.

'நடுராத்திரியில் யார் வந்து தட்டினாலும், என்ன சேதி என்று கேட்காமல் கதவைத் திறந்துவிடுவான்.'

படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"மாமா, இது குறையா, குணமா?"

"எதுல வேணாப் போட்டுக்கடா."

"கோட்டைக் காவல்காரனுக்கு இது குறைதான்" என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு கதையை ஆரம்பித்தான். அமாவாசை இருட்டு. மழை. ஏழாவது மதில். டொக் டொக் என்று யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"முனியாண்டி என்ன பண்றான்?"

இதென்ன கேள்வி? எழுதியிருக்கிறதே! "திறக்கறான்" என்றேன்.

திறந்தேன். வெளியே பதினோரு கொள்ளைக்காரர்கள்.

தப்பிக்கிறேனா என்று இருபது பக்கப் பகடையை உருட்டினேன். இரண்டு விழுந்தது. மந்திரவாதி தலையில் அடித்துக்கொண்டான். திருடன், "யோவ் காவல்காரரே, யாருன்னாவது கேக்கக் கூடாதா?" என்று கத்தினான். அக்கா மகன் சிரித்தான் பாருங்கள், கடலைத் தட்டு கவிழ்கிற மாதிரி ஒரு சிரிப்பு! கீழே மிக்ஸி நின்றது. அக்கா படியேறி வந்து, கையில் மாவோடு வாசலில் நின்று பார்த்தாள். காசு வைத்து ஆடுகிறார்களா என்றெல்லாம் கேட்கவில்லை.

"அம்மா, உள்ள வா. மாமா கோட்டையைக் கோட்டை விட்டுட்டாரு" என்றான்.

மூன்றே வார்த்தைக்காரன் பேசின அந்த வாக்கியத்தை நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு!

முனியாண்டிக்கு இப்போது மூன்று உயிர் மிச்சம் இருக்கிறது. மற்றது வருகிற ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் ஒரு படிவம் கேட்டிருக்கிறாள்.