எந்த மூளையை வாங்குவது?

என் தங்கை மகன் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்தான். சட்டைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"மாமா, இதுல எதை வாங்கலாம்? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று இந்த உலகத்தில் நம்புகிற ஜீவன் அவன் ஒருவன்தான். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம், ஐந்து வருஷத்துக்கு முன் நானே பாகங்கள் வாங்கி ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினேன் என்பது. பூட்டிய முதல் நாள் என்ன நடந்தது என்பதை நான் அவனிடம் சொன்னதில்லை. விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் அமாவாசையாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் வாங்கிய பிராஸஸரின் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததென்று. திரையில் படம் வரவழைக்கும் பகுதி அதற்குள் கிடையாது, தனியாக அட்டை வாங்கிப் போடவேண்டும் என்பதுதான் அந்த எழுத்தின் அர்த்தம். கல்லூரி வாசலை இரண்டு வருஷம் மிதித்ததோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான்; இருந்தாலும் எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன், ஓர் எழுத்தைப் படிக்காமல் விட்டேனே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை.

காகிதங்களைப் பார்த்தேன். ஒன்றில் ரைசன் 5 5600ஜி, மற்றதில் ரைசன் 5 8600ஜி. முன்னது 2021-ல் வந்தது, பின்னது 2024-ல். இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். இரண்டிலும் கடைசியில் 'ஜி' இருந்தது. அதாவது படம் காட்டும் பகுதி உள்ளேயே உண்டு. என் அமாவாசை இவனுக்கு வராது. வித்தியாசம் வேறிடத்தில். பழையது ஏஎம்4 என்ற பீடத்தில் உட்காரும், டிடிஆர்4 ராம் கேட்கும். அந்தப் பீடம் 2016-ல் வந்தது. அதன் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. புதியது 2022-ல் வந்த ஏஎம்5 பீடத்தில் உட்காரும், டிடிஆர்5 ராம் கேட்கும். 2027 வரையிலும் அதற்கு மேலும் அந்தப் பீடத்துக்குப் புதுச் சில்லுகள் செய்வோம் என்று அந்தக் கம்பெனி வாக்குக் கொடுத்திருக்கிறது.

"எதுக்குடா உனக்குக் கம்ப்யூட்டர்?" என்றேன்.

டிசைன் பழகவேண்டுமாம். டிப்ளமோவில் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார்கள், மறந்துவிட்டது. ஃப்ரீகேட் என்று இலவசமாக ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் ஆறு மாதம் கை பழகினால், ஆலைக்குள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வரைகிறவர்களின் வேலைக்கு மனுப் போடலாம். சேர்த்து வைத்திருப்பது 40,000 ரூபாய்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். கோர் எத்தனை அதிகமோ அத்தனை நல்லது என்று நினைப்பவர்கள் கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ள வேண்டும். காய் நறுக்க ஆறு பேர் உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். மைசூர்பாகு கிளற ஒருவர்தான் நிற்கமுடியும். அவர் கை எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு. வரைபட மென்பொருளில் ஒரு பாகத்தின் அளவை மாற்றினால், அதைத் தொடர்ந்த ஒவ்வொரு படியையும் வரிசையாகத் திரும்பப் போட்டாகவேண்டும். அது பெரும்பாலும் மைசூர்பாகு வேலை. அப்படிப் பார்த்தால், ஒற்றைக் கை வேகத்தில் புதியதே உசத்தி.

ஆகவே நான் ஒரு பிரசங்கம் செய்தேன். "கொஞ்சம் கடன் வாங்கியாவது புதுசை வாங்கு. மூணு வருஷம் கழிச்சு சில்லை மட்டும் கழற்றிட்டு வேறே மாட்டலாம். பழைய பீடம் வாங்கினா அதோட சரி. முன்னாலே போகிற பாதையில்லே."

பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் கடைசியில் சொன்னான்:

"மூணு வருஷம் கழிச்சுன்னு சொல்றீங்க, மாமா. என் கான்ட்ராக்ட் மூணு மாசத்துல முடியுது. அதுக்கப்புறம் எந்தக் கம்பெனி பஸ்ல ஏறுவேன்னு எனக்கே தெரியாது."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தச் சாலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதா என்ன? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபோது, இனி நம் பக்கத்துப் பிள்ளைகளின் கவலை தீர்ந்தது என்று திண்ணைக்குத் திண்ணை பேசினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள். வரித் தகராறு வந்தது. கம்பெனி கைமாறியபோது இந்த ஆலை கூடப் போகமுடியாமல் நின்றது. 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். எட்டு வருஷம். உலகத்திலேயே பெரிய போன் கம்பெனிக்கு இல்லாத மூன்று வருஷ நிச்சயத்தை, கான்ட்ராக்ட் பையனிடம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

ராம் விஷயமும் இருந்தது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் வாரிக்கொண்டு போனதில் 2025-ன் கடைசி மாதங்களில் நினைவகத்தின் விலை தாறுமாறாக ஏறியது. இவனுக்கோ கூட வேலை செய்கிற பையன் ஒருவன், எட்டு ஜிபி டிடிஆர்4 குச்சிகள் இரண்டைச் சகாய விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிற சில்லு, ராமையும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு பெரிய குச்சியைவிட இரண்டு குச்சி ஜோடியாக இருந்தால் அதற்குத் தெம்பு. அவன் எல்லாம் விசாரித்து வைத்திருந்தான். என்னிடம் வந்தது யோசனை கேட்க அல்ல, துணைக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லி வழியாகப் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனோம். வழியை நினைத்தால் வேடிக்கைதான். ஸ்ரீபெரும்புதூரில் டெல் ஆலை 2007-லிருந்து கம்ப்யூட்டர் பூட்டுகிறது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டுகிறார்கள். இருந்தும் ஒற்றைச் சில்லு வாங்க நாங்கள் ரிச்சி தெருவுக்குப் போகிறோம். அந்தச் சில்லோ தைவானில் பிறந்தது. நம் பக்கத்து ஆட்கள் கூலிக்குக் கப்பலேறிய பினாங்கில் 1972-லேயே இண்டெல் தன் சில்லுகளுக்கு உறை போடும் ஆலையைத் தொடங்கிவிட்டது. சென்னை ஐஐடிக்காரர்கள் 'சக்தி' என்று சொந்தமாக ஒரு பிராஸஸர் வடிவமைத்து 2018-ல் வெளியிட்டார்கள். அது வீட்டுக் கம்ப்யூட்டருக்காகச் செய்ததல்ல; இருந்தாலும், கடையில் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஓர் அசட்டு ஆசை. கேட்கவில்லை.

5600ஜி வாங்கினோம். 40,000-க்குள் எல்லாம் முடிந்து, மிச்சத்தில் இரண்டு பிரியாணி.

அன்று மாலை தங்கை வீட்டுக் கூடத்தில் பூட்டினான். பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பிலிருந்த மின்சாரத்தைப் போக்கிக்கொண்டான். சில்லின் அடியில் 1,331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் பணம் போச்சு. நான் என் காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை அது. அவனோ மூலையிலிருந்த தங்க முக்கோணத்தைப் பார்த்தான். பீடத்தின் குறியைப் பார்த்தான். நெம்புகோலைத் தூக்கிவிட்டு, அழுத்தாமல் சும்மா வைத்தான். அது தானே இறங்கி உட்கார்ந்தது. நாளெல்லாம் பாகம் பொருத்துகிற கை.

திரையில் வெளிச்சம் வந்தது. "என்னடா எழுதியிருக்கு?" என்றாள் தங்கை. "சில்லோட பேரும்மா" என்றான். அதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். தூங்காமல் உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு பிராக்கெட். ஆலையில் தினமும் எத்தனையோ நூறு தடவை அவன் கைக்கு வந்து போகிற அதே பிராக்கெட். ஒரு துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது.

"கையில புடிச்சா தெரியுது, மாமா. வரைஞ்சா வரமாட்டேங்குது" என்றான். அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.