கைநாட்டு வைத்தால் முடிந்துவிடுமா?

அப்பா கல்குவாரியில் கல்லுடைத்தவர். 2016-இல் தெறித்த சில்லு அவரது வலது கண் பார்வையைப் பறித்தது. முதலாளி இருபதாயிரம் கொடுத்து, "இனி எந்த இழப்பீடும் கேட்கமாட்டேன்" என்ற முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். அதோடு முடிந்ததென்று சேரியே நம்பியது. சமூகவியலில் எம்.ஏ. படித்த நானும் நம்பினேன்.

வேறொருவரின் மனுவுக்காக 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தைப் புரட்டியபோதுதான் விழித்தேன். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அன்று 17-ஆம் பிரிவின்படி செல்லாததாக இருந்தது. மொத்தத் தொகை பேசி முடித்தால் அந்த உடன்பாட்டை ஆணையரிடம் பதிய வேண்டும் என்றது 28-ஆம் பிரிவு. எங்கள் தாள் பதியப்படவே இல்லை. அன்று விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டியிருந்தது. 22 மாதம் ஓடியிருந்தது.

"வேணாம்மா. அவங்க காட்டு வழியாத்தான் நாம நடக்குறோம்" என்றார் அப்பா. அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. மூன்று வாரம் பேசவில்லை. பிறகு அவரே கேட்டார்: "மனு எங்க?"

இழப்பீடு வந்தது. காட்டு வழி அடைபட்டது. இன்றும் சுற்றித்தான் போகிறோம். அப்பா முன்னால் நடக்கிறார்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் 'முடிந்துபோன' கேஸ் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முதலில் விபத்து நடந்த தேதியைப் பாருங்கள்.