64.5-ஐப் படிக்க வைத்த அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

டெல்லி லோதி ரோடு அலுவலகத்தை விட்டு நீங்கள் போய்விட்டாலும், நீங்கள் எழுதிவைத்த சின்ன டெஸ்ட் லைப்ரரி இன்றும் தினமும் ஓடுகிறது. அதற்கான நன்றியைத் தனியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் மென்பொருள் வேலையில் பாராட்டெல்லாம் திரையில் தெரிவதற்கே போகிறது; டெஸ்ட் எழுதுகிறவரை யாரும் கேட்பதில்லை. அதனால் நாலு பேர் அறிய எழுதுகிறேன்.

மழை அளவைக் கொடுத்தால் அது எந்த வகை என்று சொல்லும் புரோகிராம் நம்முடையது. விதி, அதே லோதி ரோட்டில் மவுசம் பவனில் இருக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்தது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. சில வரி கோட்தான். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 சென்டிமீட்டரை அது எப்படியும் சரியாகச் சொல்லிவிடும். பிழை ஒளிந்திருப்பது 64.4-க்கும் 64.5-க்கும் நடுவில். 'பெரியது' என்ற குறியா, 'பெரியது அல்லது சமம்' என்ற குறியா? அது மாறினால் ஓர் ஊரின் கனமழை வெறும் மிதமான மழையாகிவிடும்.

நீங்கள் வருவதற்கு முன்பும் இதற்கு டெஸ்ட் இருந்தது. படிக்கத்தான் முடியாது. போலித் தரவு தயாரிப்பதும், தேதியை மாற்றுவதும், விடையைச் சரிபார்ப்பதும் ஒரே ஃபங்ஷனில் கலந்து கிடக்கும். டெஸ்ட் தோற்றுச் சிவப்பு விழுந்தால் எது உடைந்தது என்று தேடியே காலை வேளை போய்விடும். நீங்கள் அதை மூன்றாகப் பிரித்தீர்கள்: என்ன கொடுத்தோம், என்ன செய்தோம், என்ன வரவேண்டும். டான் நார்த் பரப்பிய 'கிவன், வென், தென்' முறைதான். அதற்கு மூன்று சின்ன ஃபங்ஷன், மழை அளவுகளை வரிசையாகக் கொடுக்க ஒரு பட்டியல், அவ்வளவே. ஒரு டெஸ்ட் தோற்றால், "64.5 மி.மீ. கொடுத்தோம், கனமழை என்று வரவேண்டும், மிதமான மழை என்று வந்தது" என்று அதுவே சொல்லும்.

உங்களுக்கு நான் மிகவும் கடன்பட்டிருப்பது வேறொன்றுக்காக. வானிலை நன்றாகத் தெரிந்த, கோட் அறவே தெரியாத ஒருவர் அந்த டெஸ்டுகளை உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு, "மழைநாள் காலை 8:30-க்கு முடிகிறது. 8:31-க்கு விழுந்த மழை அடுத்த நாள் கணக்கு. அதற்கு டெஸ்ட் எங்கே?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி. அன்றே அந்த டெஸ்டைச் சேர்த்தோம். துறை தெரிந்தவர் புரோகிராமர் துணையில்லாமல் படித்துக் குறை சொல்ல முடிந்ததே, அதைத்தான் நான் தெளிவு என்பேன்.

அந்த லைப்ரரியைப் பெருக்கச் சொல்லி எத்தனை பேர் கேட்டோம்! டேட்டாபேஸ் இணைப்பு வேண்டும், வண்ண ரிப்போர்ட் வேண்டும் என்றோம். நீங்கள் எதற்கும் இசையவில்லை. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் ஜேயூனிட் டெஸ்ட் லைப்ரரி என்று அப்போது சொன்னீர்கள். ஒரு விமானப் பயணத்தில் தொடங்கும் அளவுக்குச் சின்னதாக இருந்ததுதான் அதன் பலம் என்பது உங்கள் கட்சி. இன்று புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளே டெஸ்ட் எழுதுவதைப் பார்க்கும்போது, அந்தப் பிடிவாதம் சரி என்றே சொல்வேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த லைப்ரரியை ஓப்பன் சோர்ஸாக வெளியிடுங்கள் அக்கா. மின்கட்டணம், வருமான வரி, கல்வி உதவித்தொகை என்று எல்லைக்கோடு வைத்துக் கணக்குப் போடும் புரோகிராம்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை எழுதுகிறவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய டீமில் ஒருவன்