ஒரு குதிரைவலுவுக்கு எத்தனை கிலோ?

ஆண்டு 9 பொடியன் ஒருவனின் கணிதக் கொப்பியில், பின்பக்கம் ஒரு கார். கதவு திறந்தபடி. "வாப்பா கொப்பி வாங்கித் தந்தது இதுக்கா?" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசி, கொப்பியையும் பறித்துவிட்டேன். "ஃபெராரி எஃப்40 சேர்" என்றான், மெதுவாக.

இரவு அதைத் தேடி வாசித்தேன். 1987இல் வந்தது. என்சோ ஃபெராரி மரணிப்பதற்கு முன் சம்மதம் கொடுத்த கடைசிக் கார். 2.9 லீற்றர் எஞ்சின், இரண்டு டர்போ, மணிக்கு 324 கிலோமீற்றர். ஆனால் இவ்வளவு விலையான காருக்குள் ரேடியோ இல்லை, கம்பளம் இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. உள்ளேயிருந்து கதவைத் திறக்க ஒரு கயிறுதான்! பெயின்ட் கூட மெல்லிசு. உற்றுப் பார்த்தால் அடியிலுள்ள நார்ப் பின்னல் தெரியுமாம். எல்லாம் பாரம் குறைக்க. பின்னாலிருக்கும் பெரிய இறக்கையும் சும்மா வடிவுக்கில்லை, வேகத்தில் பின்சில்லுகளை வீதியோடு அழுத்திப் பிடிக்க.

கொப்பியைத் திரும்பத் திறந்து பார்த்தேன். கதவுக்குள் அந்தக் கயிற்றையும் கீறியிருந்தான்.

அடுத்த நாள், ஏசிய அதே இடத்தில் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கரும்பலகையில் எழுதினேன்: பாரம் 1100 கிலோ, வலு 478 குதிரைவலு. ஒரு குதிரைவலுவுக்கு எத்தனை கிலோ? வகுத்தல் என்றாலே ஒளிகிற பிள்ளை, எழும்பி வந்தான். 2.3 என்று எழுதினான். சோக்கட்டியை வைத்துவிட்டுச் சொன்னான்:

"ஆனா சேர், அது எண்ணெய் தண்ணி ஊத்தாத பாரம்."