காத்தாடி சுத்துது, படம் வரலை

வீட்டில் டெஸ்க்டாப் வைத்திருக்கும் மக்களுக்கான பதிவு இது. லேப்டாப் கோஷ்டி அடுத்த பதிவுக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி, பொட்டியைத் திறந்து மாட்டி, பட்டனை அமுக்கினால் எல்லா ஃபேனும் சுத்தும், விளக்கெல்லாம் எரியும், மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. பார்க்க வருகிற எல்லோரும் சொல்லும் ஒரே தீர்ப்பு: "கார்டு போச்சு." அதை அவ்வளவு சீக்கிரம் நம்ப வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

எங்கள் வீட்டில் இது நடந்தது 2022 டிசம்பரில், நொய்டாவில். மகள் அப்போது ஆர்க்கிடெக்சர் இரண்டாம் வருஷம். பிளெண்டரில் ஒரு கட்டடத்தை ரெண்டர் போட்டால் பொட்டி ராத்திரி முழுக்க முனகிக்கொண்டிருக்கும். குடியிருப்பில் சின்னப் பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த 9,000 ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை நேரு பிளேஸ் போய், பழைய கார்டு ஒன்று வாங்கி வந்தாள். அந்த வருஷம் செப்டம்பர் 15-ம் தேதியோடு எதிரியம் கிரிப்டோ காசைக் கார்டு வைத்துத் 'தோண்டும்' வேலை நின்றுபோனதால், அதுவரை ராப்பகலாக உழைத்த கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்திருந்த நேரம். இவள் வாங்கியது 2016-ல் வந்த மாடல், 6 ஜிபி. பில்லுக்குப் பின்னால் பேனாவில் 'டெஸ்டிங் வாரண்டி 7 நாள்'. ஏழாவது நாள் ஞாயிறு, நேரு பிளேஸ் லீவு. ஆகச் சனிக்கிழமைதான் கெடு. திங்கட்கிழமை கல்லூரியில் சப்மிஷன்.

இந்தத் தலைமுறைக் கார்டுகளில் பழைய நீலக் கொக்கி விஜிஏ கிடையாது. டிவிஐ துளை இருந்தாலும் அதில் டிஜிட்டல் மட்டும்தான் வரும், மலிவான மாற்றுக் கொக்கி போட்டு விஜிஏ ஆக்க முடியாது. அதனால் என் பங்குக்குப் புது மானிட்டர். அது வந்து சேர்ந்த வியாழக்கிழமை சாயங்காலம் கார்டை மாட்டினாள். கும்மிருட்டு.

வெள்ளிக்கிழமை செக்டர் மார்க்கெட்டில் இருக்கும் ரிப்பேர்காரர் வந்து பத்து நிமிஷம் பார்த்தார். "மைனிங் கா மால் ஹை, அங்கிள்ஜி. டெட்." சிப்பைச் சூடாக்கி ஒட்டித் தருகிறேன், 2,500 ஆகும் என்றார். கடைக்காரருக்குப் போன் போட்டால், கொண்டு வாங்க, எங்களுக்கும் டெட் என்று தெரிந்தால் மாற்றித் தருகிறோம், நன்றாக ஓடினால் இருபது சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் என்றார். தங்கமணி, "பழசு வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று ஆரம்பித்தார். மகள் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராத்திரி நானும் அவளும் தரையில் பொட்டியைப் படுக்கப் போட்டு உட்கார்ந்தோம். டில்லிக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றினாலே படபடவென்று பொறி பறக்கும். அதனால் உள்ளே கை வைக்கும் முன் ஸ்விட்சை அணைத்து, பொட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு தரம் தொட்டுவிடுவது நல்லது.

வழக்கமான சந்தேகங்களைச் சீக்கிரம் முடித்தோம். கேபிள் மதர்போர்டில் சொருகியிருக்கிறதா, கார்டிலா? கார்டில்தான். கார்டு முழுசாக உட்கார்ந்திருக்கிறதா? பின்பக்கத் தகடு பொட்டியில் இடித்தால் ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும், கண்ணுக்கே தெரியாது. கழற்றி, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்தினோம். கரண்ட்? இது 120 வாட் கார்டு. துளை வழியாக 75 வாட்தான் வரும், மிச்சத்துக்கு 6 முனை கேபிள், அது இன்னொரு 75. அதுவும் சரியாக இருந்தது. (பெரிய கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: ப்ராசஸருக்குப் போகும் 8 முனையும் கார்டுக்குப் போகும் 8 முனையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே வயர்கள் நேர் எதிர். 4+4 என்று பிரிவது ப்ராசஸருக்கு, 6+2 கார்டுக்கு. அமுக்கித் திணிக்கவே கூடாது.) பயாஸ் பேட்டரியை ஐந்து நிமிஷம் கழற்றி வைத்தும் பார்த்தோம். கும்மிருட்டு அப்படியே.

அப்போது மகள் ஒன்று செய்தாள். கீபோர்டில் நம் லாக்கை அமுக்கினாள். விளக்கு அணைந்தது, மறுபடி அமுக்க எரிந்தது. "அப்பா, இது உயிரோட இருக்கு" என்றாள். கருப்பு ஸ்க்ரீனைப் பார்த்தபடியே என்டர் தட்டி, பாஸ்வேர்ட் அடித்து, கொஞ்சம் பொறுத்து ஒரு பென்டிரைவைச் சொருகினாள். ஸ்பீக்கரில் 'டுடிங்'.

விண்டோஸ் வரைக்கும் போயிருக்கிறது! மெமரி, ப்ராசஸர், பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே அடியில் குற்றப்பட்டியலிலிருந்து அவுட். பொட்டி ஓடுகிறது, படம்தான் வந்து சேரவில்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காமல்தான் ரிப்பேர்காரர் பத்து நிமிஷத்தில் சிப்பைச் சூடாக்கக் கிளம்பினார்.

எதிர் ஃபிளாட் சர்தார்ஜி வீட்டுப் பையன் கேம் ஆடுபவன். கார்டை அவன் பொட்டியில் போட்டதும் பளிச்சென்று படம். மகள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அவன் வீட்டில் ஓடி நம் வீட்டில் ஓடவில்லையென்றால் என்ன வேறு? பொட்டி வேறு, மானிட்டர் வேறு, கேபிள் வேறு. மூன்றில் மாற்றிப் பார்க்கச் சுலபமானது கேபிள். அவனுடையது எச்டிஎம்ஐ. நாங்கள் போட்டது புது மானிட்டர் பெட்டியிலேயே வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். வீட்டில் இருந்த ஒரே எச்டிஎம்ஐ, செட் டாப் பாக்ஸில். தங்கமணி சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருவினேன்.

படம் வந்தது.

காரணம் பிறகு படித்ததில் விளங்கியது. அந்தத் தலைமுறைக் கார்டுகள் சிலவற்றின் ஃபர்ம்வேருக்கு, டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 மானிட்டர்களோடு பொட்டி கிளம்பும் நேரத்தில் பேச வராது. டிரைவர் ஏறிய பிறகுதான் படம் வரும், சிலசமயம் கிளம்பும்போதே தொங்கியும் போகும். எங்கள் பொட்டியிலோ கார்டு புதிது, டிரைவரே இன்னும் ஏற்றவில்லை. அப்புறம் எங்கிருந்து படம் வரும்? இதற்கென்றே கார்டு கம்பெனி 2018-ல் சின்ன அப்டேட் ஒன்று விட்டிருக்கிறது. கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஃபர்ம்வேர் அப்டேட்' என்று தேடினால் கிடைக்கும். எச்டிஎம்ஐயில் நுழைந்து, டிரைவர் போட்டு, அதை ஓட்டினோம். அது ஓடும்போது கரண்ட் போகக்கூடாது என்பதால் யூபிஎஸ்ஸையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரீஸ்டார்ட் ஆனதும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கே திரும்பினோம். மதர்போர்டு லோகோ அழகாக வந்து நின்றது.

சனிக்கிழமை யாரும் நேரு பிளேஸ் போகவில்லை. மகள் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கினாள், காலையில் மூன்று கோணமும் முடிந்திருந்தன. நான் எச்டிஎம்ஐயை டிவியில் திரும்ப மாட்டுவதற்குள் சீரியல் முடிந்திருந்தது. அது தனிப் பஞ்சாயத்து.