கழகம் யாருடையது?



இந்நாட்டிற்கு வந்த புதிதில் எமக்கு அறிமுகமாகும் ஜேர்மன் சொற்களில் ஒன்று 'ஃபெரைன்'. பிள்ளையை உதைபந்தாட்டத்திற்குச் சேர்த்தாலும் ஃபெரைன், பாட்டுக் குழுவிற்குச் சேர்த்தாலும் ஃபெரைன். நாமும் சந்தாவைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுகின்றோம். அது யாருடைய சொத்து என்று கேட்பதில்லை.

1912 முதல் நடைமுறையிலுள்ள சுவிஸ் சிவில் சட்டத்தில் 60 ஆம் பிரிவு தொடக்கம் இதற்கான விதிகள் உள்ளன. உறுப்பினர்களின் பொதுக்கூட்டமே அதியுயர் அதிகாரம் உடையது. யாப்பு வேறுவிதமாகச் சொல்லாதவிடத்து எல்லா உறுப்பினருக்கும் சமமான வாக்கு. ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் கூட்டத்தைக் கூட்டியே ஆகவேண்டும். சூரிச்சிலுள்ள பீபா கூட இதே சட்டத்தின் கீழ் அமைந்த ஒரு சங்கம்தான்.

நான் அதிகம் படித்தவனல்லன். தொழிற்சாலையில் மாறிமாறி வரும் வேலைநேரத்தில் நிற்பவன். என் மகன் விளையாடும் ஊர்க் கழகத்தில் நானும் உறுப்பினன். சென்ற பொதுக்கூட்டத்தில் சந்தாவைக் கூட்டுவதா என்று கையுயர்த்தச் சொன்னார்கள். எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளரும் அங்கு இருந்தார். அவர் கைக்கும் ஒரு வாக்கு, என் கைக்கும் ஒரு வாக்கு. சுவிஸ் பிரஜையல்லாத எமக்குத் தேசிய வாக்கெடுப்புகளில் இடமில்லை. ஆனால் இங்கே எமது கையையும் எண்ணுகின்றார்கள்.

பெரிய கழகங்களின் கதை வேறு. அவற்றின் முதல் அணிகளில் பெரும்பாலானவை இன்று பங்குக் கம்பனிகளின் கையில் உள்ளன. நொயெசாத்தல் சமாக்ஸ் கழகம் 1987 இலும் 1988 இலும் சுவிஸ் சாம்பியன். 2011 இல் செச்சினிய வர்த்தகர் புலாத் சகாயெவ் அதை வாங்கினார். சம்பளங்கள் தடைப்பட்டன. 2012 ஜனவரியில் ஆடும் அனுமதியும் போய், கழகம் வங்குரோத்தானது. கீழ்மட்டப் பிரிவிலிருந்து மீண்டும் ஏறி முதற்பிரிவை அடைய 2018 ஆயிற்று. 1886 இல் தொடங்கிய சூரிச் கிராஸ்ஹொப்பர் கழகமோ 2020 இல் சீன முதலீட்டாளரிடமும் 2024 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் கழகத்திடமும் கைமாறியது.

எமது ஊர்ப் பெயரிலும் இது நடந்தது. 2020 இல் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் புலம்பெயர் தமிழர் சிலர் சேர்ந்து ஜப்னா ஸ்ராலியன்ஸ் அணியை நடத்தினர். அது கிண்ணத்தையும் வென்றது. மறுவருடமே உரிமை லைக்கா குழுமத்திடம் போனது. பெயர் ஜப்னா கிங்ஸ் என்றாயிற்று. யாழ்ப்பாணத்து ரசிகனிடம் கேட்கவேண்டிய கடப்பாடு எவருக்கும் இருக்கவில்லை.

முதலாளி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அந்த அணி இல்லாவிட்டால் யாழ் மத்திய கல்லூரி மாணவன் வியாஸ்காந்தை வெளியுலகம் இவ்வளவு விரைவில் கண்டிருக்காது. 2024 இல் அவர் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல்லிலும் ஆடினார். பணம் இல்லாமல் உயர்ந்த தரம் இல்லை. ஆனால் பணம் போட்டவர் எழுந்து போகும்போது எது மிஞ்சும் என்பதே கேள்வி.

நான் முன்பு ஆடிய ஒரு தமிழ்க் குழுவிற்கு யாப்பும் இல்லை, கூட்டமும் இல்லை. சீருடை வாங்கித் தந்தவரே தலைவர். ஒரு சுற்றுப்போட்டியில் ஏற்பட்ட மனத்தாங்கலோடு அவர் சீருடைகளையும் பந்துகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இருபது இளைஞர்கள் மைதானத்தில் நின்றோம். குழு அன்றோடு கலைந்தது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவை அவர் காசில் வாங்கியவை.

எனவே புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கழகத்திலிருந்து பொதுக்கூட்டக் கடிதம் வந்தால் விளம்பரத் தாள்களோடு எறியாதீர்கள். மொழி விளங்காவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கு வாக்குண்டா என்று யாப்பில் பாருங்கள். கணக்கறிக்கையைக் கேளுங்கள். அழைத்தால் தேநீர்க் கடையில் ஒருநாள் நில்லுங்கள். எம்மவர் கழகம் தொடங்கும்போதும் கொடையாளிக்கு மாலை போடுங்கள், ஆனால் பந்தும் வங்கிக் கணக்கும் கழகத்தின் பெயரில் இருக்கட்டும். எமது பிள்ளைகள் நாளை விளையாட மைதானத்துக்கு வரும்போது அங்கு ஒரு கழகம் இருக்கவேண்டும்.